மறதி தொடங்கும் இடம்

சென்ற ஆண்டு ஒரு மாலை, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தண்டலத்தில் பெங்களூரு நெடுஞ்சாலை ஓரமாக ஒரு பெரியவரைப் பார்த்தேன். வயது எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். வேட்டியை மடித்துக் கட்டி, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, கன்டெய்னர் லாரிகளும் கம்பெனி பஸ்களும் விரைகிற சாலையைக் கடக்க இறங்கிவிட்டார். கையைப் பிடித்து நிறுத்தி, "எங்க தாத்தா போறீங்க?" என்று கேட்டேன். "கழனிக்குப்பா. ஏரித் தண்ணி விட்டிருக்கான், மடை திறக்கணும்" என்றார். அவர் கை காட்டிய பக்கம் நீண்ட காம்பவுண்டுச் சுவரும் தகரக் கூரை போட்ட கிடங்கும்தான் இருந்தன. சற்று நேரத்தில் மருமகள் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்கியது. "காலையில இட்லி சாப்ட்டீங்களான்னு கேட்டா இல்லவே இல்லைம்பாருங்க. ஆனா அந்தக் காலத்துல எந்த மழைக்கு எந்த ஏரி ஒடைஞ்சுதுன்னு கேளுங்க, அப்படியே சொல்லுவாரு" என்றார்.

அந்தப் பெண் சொன்னது மூளையைப் பற்றிய மிகத் துல்லியமான கவனிப்பு. மூளை முழுவதும் ஒரே சீராகத் தேய்வதாக இருந்தால் புதியதும் பழையதும் சேர்ந்தே மங்க வேண்டும். காலை இட்லி முதலில் போகிறது, ஏரி உடைந்த மழை நிற்கிறது. வழி முதலில் தவறுகிறது, மடை திறக்கும் கை கடைசிவரை மறப்பதில்லை. இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. "வயசானா மறதி சகஜம்தானே" என்று நாம் கடந்துபோவது இந்த வரிசையைக் கவனிக்காததால்தான். டிமென்ஷியா என்று சொல்லப்படும் நோய்களில் குறிப்பிட்ட சில செல்கள், குறிப்பிட்ட சில இணைப்புகள், ஓர் ஒழுங்கில் பழுதாகின்றன. எந்த செல், எந்த இணைப்பு, எப்போது என்ற மூன்று கேள்விகளுக்கும் கடந்த நூற்றிருபது ஆண்டுகளாகப் பதில் சேர்ந்துகொண்டே வருகிறது.

முதல் பதில் ஜெர்மனியிலிருந்து வந்தது. 1901இல் பிராங்க்பர்ட் மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட ஆகஸ்டே டிட்டர் என்ற பெண்ணுக்கு அப்போது வயது 51. தன் பெயரை எழுதச் சொன்னால் பாதியில் மறந்துபோவார். 1906இல் அவர் இறந்தபின், அலாய்ஸ் அல்சைமர் அவருடைய மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டி, வெள்ளி உப்பில் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். செல்களுக்கு வெளியே கறைபோன்ற திட்டுகள். செல்களுக்கு உள்ளே கருத்த நூல்கள், சீப்பில் சிக்கிய முடிபோல் திருகிக் கிடந்தன. சில இடங்களில் செல்லே இல்லை. அது இருந்த இடத்தில் அந்தச் சிக்கு மட்டும் மிஞ்சியிருந்தது. 1910இல் கிரேப்பலின் தன் பாடநூலில் இந்த நோய்க்கு அல்சைமரின் பெயரைச் சூட்டினார்.

வெளியே இருந்த திட்டு பீட்டா அமிலாய்டு என்ற புரதம் என்பது 1984இல் கிளென்னரும் வாங்கும் செய்த வேலையால் தெளிவாகத் தொடங்கியது. உள்ளே இருந்த சிக்கு டௌ என்ற புரதம் என்பதும் அதே பத்தாண்டில் தெரிந்தது. டௌ இயல்பில் நல்ல வேலைக்காரன். நரம்புச் செல்லின் நீண்ட வாலுக்குள் சரக்குப் போய்வர நுண்குழாய்கள் உண்டு. கட்டடச் சாரத்தில் மூங்கிலை மூங்கிலோடு இறுக்கும் கயிறுபோல, டௌ அந்தக் குழாய்களைத் தாங்கிப் பிடிக்கிறது. அதன்மேல் பாஸ்பேட் அளவுக்கு மீறி ஏறும்போது பிடி நழுவுகிறது. அவிழ்ந்த கயிறுகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன, சாரம் தளர்கிறது, சரக்கு பாதி வழியில் நிற்கிறது.

இந்தச் சிக்கு எங்கே முதலில் விழுகிறது? 1991இல் ஹெய்கோ பிராக், ஈவா பிராக் தம்பதி ஏராளமான மூளைகளை வரிசைப்படுத்திப் பார்த்து ஒரு படிக்கட்டு வரைந்தார்கள். மூளையின் அடிப்பக்கத்தில், காதுக்கு உள்வாட்டில், எண்டோரைனல் புறணி என்று ஒரு சிறு பகுதி இருக்கிறது. சிக்கு புறணியில் முதலில் தலைகாட்டுவது அதை ஒட்டித்தான். அங்கிருந்து ஹிப்போகாம்பஸுக்கு. அப்புறம்தான் பேச்சு, திட்டமிடல், முகமறிதல் நடக்கும் பரந்த மேற்புறணிக்கு. பார்வையையும் தொடுவுணர்வையும் முதன்முதல் வாங்கும் பகுதிகளுக்குக் கடைசியில். இதற்கெல்லாம் முன்பே மூளைத்தண்டில் நீலப்புள்ளி என்ற சின்னஞ்சிறு செல்கூட்டத்தில் டௌ தெரியத் தொடங்குகிறது என்பதைப் பிராக்கே பிற்பாடு காட்டினார்.

இந்தப் பக்கத்து ஏரிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு எண்டோரைனல் புறணியின் இடம் எளிதில் பிடிபடும். ஸ்ரீபெரும்புதூர் ஏரியில் தண்ணீர் ததும்பி நிற்கலாம், கீழே கழனியும் உழுது தயாராக இருக்கலாம். மதகு அடைத்துக்கொண்டால் கழனிக்குத் தண்ணீர் கிடையாது. கண், காது, மூக்கு, தோல் அனுப்பும் சேதிகளையெல்லாம் திரட்டி ஹிப்போகாம்பஸுக்குள் விடும் மதகு அது. அதன் இரண்டாம் அடுக்கிலுள்ள செல்கள்தான் அந்த வாய்க்காலின் மூலம். டெரேசா கோமெஸ்-இஸ்லாவும் உடன் உழைத்தோரும் 1996இல் எண்ணிப் பார்த்தபோது, நோய் மிக லேசாகத் தென்பட்ட நிலையிலேயே அந்த அடுக்கில் சுமார் 60 சதவீதம் செல்கள் இல்லை. நோய் முற்றியவர்களிடம் சுமார் 90 சதவீதம். அதற்குப் பன்னிரண்டு ஆண்டு முன்பே பிராட்லி ஹைமனின் குழு, ஹிப்போகாம்பஸ் உள்ளே வரும் வழியும் வெளியே போகும் வழியும் அறுந்து தனித்துவிடுகிறது என்று எழுதியிருந்தது. பெரியவர் காலையில் சாப்பிட்ட இட்லி மறந்துபோகவில்லை. அது பதியவே இல்லை. "இப்பத்தானே சொன்னேன்!" என்று வீட்டில் எழும் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த ஓர் உண்மை தெரியாமல் எழுபவை.

வழி தவறுவதும் இதே இடத்தில்தான். எலிகள் ஓர் அறைக்குள் திரியும்போது, குறிப்பிட்ட இடத்துக்கு வந்தால் மட்டும் துடிக்கும் செல்களை ஹிப்போகாம்பஸில் 1971இல் ஜான் ஓ'கீஃப் கண்டார். 2005இல் மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் இருவரின் குழு, எண்டோரைனல் புறணியில் தேன்கூட்டுக் கட்டம்போல் தளத்தை அளந்து துடிக்கும் செல்களைக் கண்டது. மூவருக்கும் 2014இல் நோபல் கிடைத்தது. நமக்குள் இருக்கும் இந்த நில அளவைக்காரரைத்தான் சிக்கு முதலில் தாக்குகிறது. கட்டம் கலைந்த மனிதர் கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்: பனைமரம், ஏரிக்கரை, கோயில் மதில். ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் அந்த அடையாளங்கள் இருபத்தைந்து ஆண்டுகளில் பெயர்ந்துபோயின. ஓர் ஊர் இத்தனை வேகமாக உருமாறுவது, உள்ளே வரைபடம் அழிந்தவருக்கு வெளியே இருந்த வரைபடத்தையும் பிடுங்குவது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏரி உடைந்த கதை எப்படி நிற்கிறது? பழைய நினைவு, நாள்பட நாள்பட ஹிப்போகாம்பஸின் தயவு குறைந்து மேற்புறணியில் ஊன்றிக்கொள்கிறது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். திரும்பத் திரும்பச் சொன்ன கதை இன்னும் ஆழ ஊன்றும். மண்வெட்டி பிடிக்கும் பழக்கம் அடித்தள நரம்புக் கூட்டங்களையும் சிறுமூளையையும் நம்பியிருக்கிறது; அல்சைமர் அங்கே தாமதமாகத்தான் போகிறது.

இதுவரை செல் சாவதைப் பற்றிச் சொன்னேன். ஆனால் சாவு பிந்தித்தான் வருகிறது. இந்த முழுத் துறையிலும் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். 1990க்கும் 91க்கும் இடையில் ஸ்டீவன் டிகோஸ்கி, ஸ்டீபன் ஷெஃப் இருவரும், தனியாக ராபர்ட் டெர்ரியின் குழுவும், இறந்தவர்களின் மூளையில் சினாப்ஸ்களை எண்ணினார்கள். சினாப்ஸ் என்பது ஒரு நரம்புச் செல் அடுத்ததோடு பேசும் முனை. ஒரு செல்லுக்கு ஆயிரக்கணக்கில் உண்டு. உயிரோடிருந்தபோது அவர்கள் எவ்வளவு தடுமாறினார்கள் என்பதோடு நெருக்கமாகப் பொருந்தியது திட்டின் அளவு அல்ல, சினாப்ஸ் இழப்புதான். செல் உயிரோடு இருக்கிறது, பேச்சு நின்றுவிடுகிறது.

சினாப்ஸை யார் தின்கிறார்கள் என்று தேடிப்போனால், வீட்டுக் காவலாளியிடமே போய் நிற்கிறோம். மைக்ரோகிளியா மூளையின் காவல் செல்கள். குழந்தையின் மூளை வளரும்போது தேவையற்ற சினாப்ஸ்களுக்கு சி1க்யூ போன்ற புரதங்கள் அடையாளம் ஒட்ட, மைக்ரோகிளியா அவற்றை விழுங்கிச் சீர்செய்கின்றன. தோட்டக்காரர் கிளை கழிப்பதுபோல அவசியமான வேலை அது. 2016இல் பெத் ஸ்டீவன்ஸின் ஆய்வகம், அல்சைமர் மாதிரி எலிகளில் திட்டுகள் உருவாகும் முன்பே அதே பழைய வேலை தவறான வயதில் திரும்பவும் தொடங்குவதைக் காட்டியது. மூன்று ஆண்டு முன்னதாக 2013இல், மைக்ரோகிளியாவில் இயங்கும் ட்ரெம்2 மரபணுவின் ஓர் அரிய மாற்றம் அல்சைமர் வாய்ப்பைப் பல மடங்கு கூட்டுவதும் தெரிந்திருந்தது. அதனால் இந்நோயை நரம்புச் செல்லின் கதையாக மட்டும் சொல்வது இனி இயலாது. அல்சைமர் வாய்ப்பைக் கூட்டுவதாக 1993இல் கண்டறியப்பட்ட அபோ-இ4 மரபணு வகையும் கொழுப்பைச் சுமக்கும் புரதம் பற்றியது. மூளையில் அதைப் பெருமளவு தயாரிப்பவை நரம்புச் செல்களுக்கு உணவூட்டும் ஆஸ்ட்ரோசைட்டுகள்.

கடந்த சில ஆண்டுகளில் கருவியே மாறிவிட்டது. வெள்ளிச் சாயத்துக்குப் பதிலாக, ஒவ்வொரு செல்லின் உட்கருவையும் தனித்தனியே பிரித்து, அதில் எந்த மரபணுக்கள் வேலை செய்கின்றன என்று வாசிக்கிறார்கள். 2024இல் சியாட்டில் அல்சைமர் செல் வரைபடக் குழு, மூளையைத் தானம் தந்த 84 முதியவர்களின் பொட்டுப் பக்கப் புறணியிலிருந்து 34 லட்சத்துக்கு மேற்பட்ட செல்களை வாசித்து இரண்டு கட்டங்களை விவரித்தது. முதல் கட்டம் நீண்டது, சத்தமில்லாதது. வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் மைக்ரோகிளியா சூடேறியிருக்கும், கம்பிக்கு உறைபோல் நரம்பை மூடும் மயலின் செய்யும் செல்கள் குறையத் தொடங்கியிருக்கும். அந்தக் கட்டத்திலேயே சோமடோஸ்டேட்டின் என்ற பொருளைச் சுமக்கும் ஒருவகைத் தடுப்புச் செல்கள் போய்விட்டிருந்தன. அடுத்த கட்டத்தில்தான் திட்டும் சிக்கும் மடமடவென்று பெருகி, சேதி கடத்தும் பெரிய செல்கள் விழுகின்றன.

தடுப்புச் செல் என்றால் "போதும், நிறுத்து" என்று சொல்லும் செல். மூளையில் தூண்டும் செல்களே பெரும்பான்மை. அவற்றை அடக்கி, தாளத்தில் வைத்திருக்கும் சிறுபான்மை இது. அது போனால் சுற்று அமைதியாகிவிடும் என்று நினைத்தால் தவறு, இரைச்சல்தான் கூடும். 2008இல் மார்க் அவுரல் புஷேவின் குழு, எலி மூளையில் அமிலாய்டு திட்டுகளை ஒட்டிய செல்கள் அளவுக்கு மீறித் துடிப்பதைப் படம்பிடித்தது. அல்சைமர் உள்ளவர்களில் கணிசமானோருக்கு வெளியே தெரியாத வலிப்பு அலைகள் ஓடுவதும் பதிவாகியிருக்கிறது. பெரியவர் ஒரு மணி நேரம் தெளிவாக இருந்துவிட்டு அடுத்த மணி நேரம் யாரோவாக மாறினால், "வேணும்னே பண்றாரு" என்று எண்ணும் முன் இதை நினைக்க வேண்டும்.

மற்ற டிமென்ஷியாக்கள் வேறு செல்லைத் தாக்குவதால் வேறு முகம் காட்டுகின்றன. முன்மூளை வகையில் நினைவு நன்றாகவே இருக்கும், குணம் மாறும். கூச்சமும் இரக்கமும் போய்விடும். சமூக உணர்வோடு தொடர்புள்ளவை என்று கருதப்படும் வான் எக்கனாமோ செல்கள் என்ற பெரிய கதிர்வடிவச் செல்கள் அதில் குறிவைத்துத் தாக்கப்படுவதை 2006இல் வில்லியம் சீலியின் குழு காட்டியது. ஐம்பதுகளில் இருக்கும் ஒருவருக்கு இது வந்தால் நம் ஊரில் முதலில் குடி, கள்ளத்தொடர்பு, செய்வினை என்றுதான் பேச்சு எழும். லூவி உடல் வகையில் வேறொரு புரதம் படிகிறது; இல்லாத மனிதர்களும் குழந்தைகளும் கண்முன் தெரிவார்கள்.

நம் பகுதிக்கு அதிகம் பொருந்துவது ரத்தக்குழாய் வகை. மூளையின் மேற்பரப்பிலிருந்து உள்ளே இறங்கும் தமனிகள் மயிரிழைபோல் மெல்லியவை. உயர் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பல ஆண்டுகள் அவற்றின் சுவரைத் தடிக்கவைக்கும்போது, வெள்ளைப் பகுதியிலுள்ள நீண்ட நரம்புக் கம்பிகளின் உறை உரிகிறது. அந்தப் பகுதியைத் தொலைபேசிக் கேபிள் ஓடும் குழாய் என்று வைத்துக்கொள்ளலாம். செல் கெடாமலே இணைப்பு கெடும். இந்த மனிதருக்கு மறதியைவிட மந்தம் அதிகம். கேட்ட கேள்விக்குப் பதில் வரும், ஆனால் நேரம் பிடிக்கும். நடை சுருங்கும். ஐ.சி.எம்.ஆர்-இந்தியாப் ஆய்வு 2023இல் வெளியிட்ட கணக்கில் தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. வயதானவர்களின் மூளையை இறந்தபின் திறந்து பார்க்கும்போது ஒரே ஒரு நோய் மட்டும் இருப்பது அபூர்வம். அமிலாய்டும் அடைபட்ட நுண்தமனியும் கூட்டாகத்தான் வேலை செய்கின்றன. சர்க்கரையையும் அழுத்தத்தையும் சரியாக வைத்திருப்பது அந்தக் கூட்டாளிகளில் ஒருவரையாவது கட்டிப்போடும்.

மருந்து பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அசிட்டைல்கோலின் அனுப்பும் செல்கள் அல்சைமரில் அழிவது 1970களில் தெரியவந்தது. அமெரிக்காவில் 1996இல் அனுமதி பெற்ற டோனெபெசில் மிச்சமிருக்கும் அசிட்டைல்கோலினைச் சற்றே நீட்டித்து வைக்கிறது, நோயை நிறுத்துவதில்லை. 2023இல் அங்கே முழு அனுமதி பெற்ற லெகனெமாப் அமிலாய்டைத் துடைத்தெடுக்கிறது. பதினெட்டு மாத ஆய்வில் சரிவு 27 சதவீதம் மெதுவானது. 18 புள்ளி அளவுகோலில் அது 0.45 புள்ளி வித்தியாசம். சிலருக்கு மூளை வீக்கமும் ரத்தக்கசிவும் வந்தன. அமிலாய்டு குற்றவாளிதான் என்பதை இது உறுதிசெய்கிறது, ஆனால் குற்றம் நடந்து முடிந்தபின் கைது செய்கிறோம். அமிலாய்டு சேரத் தொடங்கி இருபது ஆண்டுகள் கழித்துத்தான் மறதி வீட்டுக்குத் தெரியவருகிறது. மருத்துவமனைக்கு வரும் நாளில் மதகடியில் பாதிக்கு மேல் காலி.

அதே அளவு சிதைவு எல்லோரையும் ஒன்றுபோல் வீழ்த்துவதில்லை. அமெரிக்காவில் வயதான 678 கன்னியாஸ்திரீகளை இறக்கும்வரை தொடர்ந்த ஆய்வில், மூளை நிறையச் சிக்கு இருந்தும் இறுதிவரை தெளிவாக இருந்தவர்கள் உண்டு. நம் பக்கத்தில் இதற்கு ஈடான சான்று ஐதராபாத்திலிருந்து வந்தது. நிஜாம் மருத்துவ நிலையத்தில் சுவர்ணா அல்லாடி தலைமையில் 648 டிமென்ஷியா நோயாளிகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். இரண்டு மொழி பேசுபவர்களுக்கு நோய் சராசரியாக நாலரை ஆண்டு தாமதமாகத் தொடங்கியிருந்தது. பள்ளிக்கூடமே போகாதவர்களிடமும் இந்த வேறுபாடு இருந்தது. ஒரு சொல்லை எடுக்கும்போது இன்னொரு மொழியின் சொல்லை அடக்கிவைக்கும் பழக்கம் மாற்று வாய்க்கால்களை வெட்டிவைக்கிறது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். தமிழும் தெலுங்கும் ஒரே வாயில் புழங்கும் வீடுகள் இந்த மாவட்டத்தில் எத்தனையோ உண்டு.

இங்கே யாரும் எண்ணிப் பார்க்கவே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. ஒரகடத்துக்குத் தென்கிழக்கே, பழைய செங்கல்பட்டு மாவட்டத்துத் திருப்போரூர் கிராமங்களில் எஸ். ராஜ்குமாரும் சகாக்களும் வீடுவீடாகப் போய் முதியவர்களைப் பரிசோதித்து, 3.5 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா என்று 1997இல் எழுதினார்கள். "வயசாச்சு, அவ்வளவுதான்" என்று குடும்பம் விட்டுவிட்டவர்களை நோயாளிகளாகக் கணக்கில் சேர்த்த ஆரம்பகால வேலைகளில் அது ஒன்று. நாடு முழுவதும் நடந்த லாசி-டாட் ஆய்வு 2023இல் சொன்ன எண் பெரிது: 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேர். ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் அதிகம். பள்ளிக்கு அனுப்பப்படாத பெண் குழந்தைகள் பாட்டிகளானபோது எழுந்த எண் அது என்றே நான் வாசிக்கிறேன்.

செல்லளவில் பார்க்கத் தேவையான இடங்களும் அருகிலேயே உருவாகியிருக்கின்றன. பெங்களூரு நிம்ஹான்ஸில் 1995 முதல் மூளை வங்கி இயங்குகிறது. கோலார் மாவட்டம் சீனிவாசபுரத்துக் கிராமங்களில் இந்திய அறிவியல் கழகத்தின் மூளை ஆய்வு மையம் 45 வயது தாண்டியவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்துவருகிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் 2022இல் தொடங்கிய சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், முழு மனித மூளையையும் சீவிச் செல்லளவில் படமெடுக்கும் வசதியைக் கட்டியிருக்கிறது. கருவிலுள்ள சிசுவின் மூளையை 5,132 சீவல்களில் வரைந்த 'தரணி' தொகுப்பை 2024இல் எல்லோருக்கும் திறந்துவைத்தது. தண்டலத்திலேயே ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வங்கிக்குத் தேவை மூளை. இறந்த சில மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும், அதற்குக் குடும்பம் கையெழுத்துப் போட வேண்டும். கண்தானத்துக்குப் பழகிவிட்ட நம் வீடுகள் இதற்கும் பழகும் என்று நம்புகிறேன். சியாட்டில் வரைபடத்திலுள்ள செல்கள் கழனியில் உழைத்து, இருபது ஆண்டு சர்க்கரையோடு வாழ்ந்த உடலிலிருந்து வந்தவை அல்ல.

இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது 1998இல். அன்று இருபத்தைந்து வயதில் வேலைக்குச் சேர்ந்தவர் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார். அமிலாய்டு சத்தமில்லாமல் சேரும் வயது இது. லான்செட் மருத்துவ இதழின் குழு 2024இல் டிமென்ஷியாவுக்குப் பட்டியலிட்ட பதினான்கு காரணங்களில் நடுவயதில் முக்கியமானவை செவித்திறன் இழப்பு, கெட்ட கொழுப்பு, ரத்த அழுத்தம், நீரிழிவு. பதினான்கையும் சரிசெய்ய முடிந்தால் உலகில் 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வழியுண்டு என்பது அதன் மதிப்பீடு. காது மந்தமானால் மூளைக்குள் போகும் சேதியே குறைகிறது, ஆள் பேச்சிலிருந்து ஒதுங்குகிறார், சுற்றுகள் வேலையின்றிக் கிடக்கின்றன. பிரஸ் ஷாப்பில் காதடைப்பான் போடுவது காதுக்காக மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

தூக்கமும் இப்படித்தான். செல் எவ்வளவு விழித்துத் துடிக்கிறதோ அவ்வளவு அமிலாய்டு வெளியேறுகிறது; தூங்கும்போது அது குறைகிறது. இங்கிலாந்தில் ஏறத்தாழ எட்டாயிரம் அரசு ஊழியர்களைத் தொடர்ந்து பார்த்து 2021இல் வெளியான ஆய்வில், ஐம்பது, அறுபது வயதுகளில் ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களுக்கு டிமென்ஷியா வாய்ப்பு சுமார் 30 சதவீதம் கூடியிருந்தது. இது தொடர்பு மட்டுமே, காரணம் என்று நிரூபணமாகவில்லை. ஆனாலும் வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும் உடம்புகள் இத்தனை நெருக்கமாக வாழும் இந்த நெடுஞ்சாலையில் அதைப் படித்தபோது எனக்கு அந்த மருமகள்தான் நினைவுக்கு வந்தார்.

அன்று பெரியவரை வீட்டுக்குக் கூட்டிப்போகும் வழியில் அந்தப் பெண் சொன்னார்: வாரம் மாறி வாரம் நைட் ஷிப்ட். பகலில் படுத்தால் மாமனார் கதவைத் திறந்துகொண்டு போய்விடுகிறார், அதனால் படுப்பதே இல்லை. வயது நாற்பத்தேழு. "சுகர் பார்த்தீங்களாம்மா?" என்று கேட்டேன். "எனக்கா? அதுக்கு எங்கங்க நேரம். இவரைத்தான் மாசாமாசம் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.